கொச்சியில் வெள்ளி, சனி, ஞாயிறு: எதை எந்தக் கிழமை பார்ப்பது?

கோவைப்பயணி

வணக்கமுங்க. பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் ரயிலில் எர்ணாகுளம் வந்து இறங்குகிறோம். திரும்புவது ஞாயிறு இரவு. நான், மனைவி, பத்து வயதுப் பையன், அப்பா, அம்மா. அப்பாவுக்கு மூட்டுவலி. சமதளம் என்றால் ஒரு கிலோமீட்டர் நடப்பார், படி என்றால் திணறுவார். அம்மா சுத்த சைவம்.

இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்: வெள்ளி மட்டாஞ்சேரி (டச்சு அரண்மனை, யூதர் ஆலயம், மசாலாக் கடைகள்). சனி திருப்பூணித்துறை ஹில் பேலஸ், மாலையில் மெரைன் டிரைவ் படகு. ஞாயிறு காலை ஃபோர்ட் கொச்சி தேவாலயங்கள், சீன வலை. லாட்ஜில் கேட்டால், காரில் ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடலாம், மிச்ச நாளுக்கு ஆலப்புழை போங்கள் என்கிறார்கள். எது சரி? கதகளியும் பார்க்க ஆசை, ஆனால் விடிய விடிய உட்கார முடியாது.

தோப்பும்படி ராஜன்

இடங்கள் எல்லாம் சரிங்க, கிழமைதான் தப்பு. வெள்ளிக்கிழமை டச்சு அரண்மனை விடுமுறை. யூதர் ஆலயத்தை ஞாயிறு முதல் வியாழன் வரை மட்டும் நம்பலாம். சனி அவர்களுக்கு ஓய்வு நாள், வெள்ளியும் கதவு சாத்தியிருக்கும். ஞாயிறு காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க வருபவர்களை அப்போது உள்ளே விடமாட்டார்கள். ஆக நீங்கள் போட்டிருக்கும் வரிசையில் போனால் வெள்ளி ஒரு பூட்டு, ஞாயிறு ஒரு பூட்டு.

இப்படி மாற்றுங்கள். வெள்ளி எர்ணாகுளம் பக்கம், சனி ஃபோர்ட் கொச்சி, ஞாயிறு மட்டாஞ்சேரி.

வெள்ளி: முதலில் டிக்கெட்டைப் பாருங்கள், எந்த ஸ்டேஷன் என்று. கோவை வழியாகத் திருவனந்தபுரம் போகும் வண்டிகள் பல எர்ணாகுளம் டவுனில் (வடக்கு) நின்றுவிட்டுப் போய்விடும், ஜங்ஷனுக்கு (தெற்கு) வராது. விடுதியைத் தெற்கில் போட்டுவிட்டு வடக்கில் இறங்கித் தவிப்பது அடிக்கடி நடக்கிறது. டவுனில் இறங்கினால் பக்கத்தில் டவுன்ஹால் மெட்ரோ, ஜங்ஷன் என்றால் எர்ணாகுளம் சவுத் மெட்ரோ. இரண்டிலிருந்தும் ஒரே ரயில் திருப்பூணித்துறை போகும்; 2024 மார்ச்சிலிருந்து அதுதான் கடைசி நிலையம். அங்கிருந்து ஹில் பேலஸுக்கு ஆட்டோ. மதியம் உணவு இடைவேளைக்கு அருங்காட்சியகத்தைச் சாத்துவார்கள், பன்னிரண்டரைக்கு மேல் இரண்டு மணிக்குள் போய் வாசலில் நிற்காதீர்கள். ஹில் பேலஸுக்குத் திங்கள் விடுமுறை.

ஆனால் உங்கள் அப்பாவுக்கு அது வேண்டாம் என்பேன். கொச்சி அரசர்கள் 1865ல் கட்டியது. மேட்டில் இருக்கிறது, 49 கட்டடங்கள், நீளமான வளாகம். வாசலிலிருந்து பிரதானக் கட்டடம் வரை படியும் ஏற்றமுமாகப் போகும். பெரியவர்களை விடுதியில் ஓய்வெடுக்கவிட்டு நீங்கள் மூவர் போய் வரலாம். அல்லது மொத்தமாகத் தேவராவில் உள்ள நாட்டார் கலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். தனியார் சேகரிப்பு, மலபார், கொச்சி, திருவிதாங்கூர் என்று மாடிக்கு ஒரு கட்டடப் பாணியில் மரவேலை. மேல்மாடி வேண்டாமென்றால் பெரியவர்கள் தரைத்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முகமூடிகளும் தெய்யம் உடைகளும் பையனுக்குப் பிடிக்கும்.

மாலை நாலு மணிக்குள் ஃபோர்ட் கொச்சி போய் அறை எடுத்துவிடுங்கள். இரண்டு இரவும் அங்கேயே தங்குங்கள். எர்ணாகுளத்தில் தங்கிக்கொண்டு தினமும் படகுக்கு வரிசையில் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல். ஹோம்ஸ்டே என்றால் தரைத்தள அறை இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். பழைய வீடுகளில் மாடிப்படி செங்குத்து, லிஃப்ட் கிடையாது.

சனி: காலை ஏழிலிருந்து ஒன்பதரைக்குள் நடந்து முடிக்க வேண்டியவற்றை முடித்துவிடுங்கள். பிப்ரவரியிலேயே பத்து மணிக்கு மேல் வியர்த்து ஊற்றும். சீன வலைகள், கடலோர நடைபாதை, பரேடு மைதானம், புனித ஃபிரான்சிஸ் தேவாலயம், சாந்தா குரூஸ் பசிலிக்கா எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் அடங்கும், முழுக்கச் சமதளம். வழியெல்லாம் தூங்குமூஞ்சி மர நிழல், உட்காரத் திண்டும் உண்டு. தேவாலயங்கள் திறக்கும் வரை கடற்கரைப் பக்கம் இருங்கள். வெயில் ஏறியதும் ஆட்டோ பிடித்து வேலி என்ற பகுதியில் உள்ள டோபி கானா (சலவைத்துறை). அதன்பின் சாப்பாடு, தூக்கம். மாலை கதகளி.

ஞாயிறு: பத்து மணிக்கு யூதர் ஆலயம் திறக்கும்போதே வாசலில் இருங்கள். ஒரு மணிக்குச் சாத்தி மூன்றுக்குத் திறந்து ஐந்துக்கு மூடுவார்கள். அரண்மனை அங்கிருந்து கூப்பிடு தூரம். இரண்டையும் முடித்துச் சாப்பிட்டுவிட்டு நேராக ஸ்டேஷன்.

கார் டூரைப் பற்றி ஒரே வார்த்தை: அதில் அரண்மனைக்குக் கொடுக்கும் நேரத்தைவிடக் கைவினைப் பொருள் கடைக்குக் கொடுக்கும் நேரம் அதிகம். வெள்ளிக்கிழமையானாலும் அதே பட்டியலைக் காட்டித்தான் பணம் வாங்குவார்கள். ஆலப்புழை போக வர மூன்று மணி நேரம் சாலையில் போகும். தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லும் கதையும்

ராஜன் சார் சொன்ன வரிசையே சரி. உள்ளே போனபின் எதை நின்று பார்ப்பது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

புனித ஃபிரான்சிஸ் தேவாலயத்தில் எல்லோரும் வாஸ்கோ ட காமா கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1524 டிசம்பரில் இந்த ஊரில் இறந்தார், இங்கே புதைத்தார்கள், பிறகு எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது இருப்பது கம்பி வேலிக்குள் ஒரு வெறுங்கல். அதைவிட மேலே நிமிர்ந்து பாருங்கள். இருக்கைகளுக்கு மேல் குறுக்காகத் துணி விசிறிகள் தொங்கும். கயிறு சுவரைத் தாண்டி வெளியே போகும். அங்கே ஆள் நின்று இழுத்தால் உள்ளே காற்று. சுவரில் பதித்திருக்கும் கல்லறைப் பலகைகளில் போர்ச்சுகீசியம் ஒரு பக்கம், டச்சு இன்னொரு பக்கம். கத்தோலிக்கக் கோயிலாகத் தொடங்கி, 1663ல் டச்சுக்காரர் கைக்குப் போய்ப் புராட்டஸ்டண்டாகி, ஆங்கிலேயரிடம் ஆங்கிலிக்கனாகி, இன்று தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. பசிலிக்கா இப்போது நிற்கும் வடிவத்தில் 1905ல்தான் அபிஷேகமானது, நூறு வருஷத்துச் சொச்சம்தான். நேரம் குறைந்தால் அதைச் சுருக்கலாம்.

அரண்மனையைக் கட்டிக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர், பதினாறாம் நூற்றாண்டின் நடுவில். டச்சுக்காரர் பிறகு பழுதுபார்த்தார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஓடு போட்ட பழைய அலுவலகம் மாதிரித்தான் இருக்கும், ஏமாறாதீர்கள். உள்ளே பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். வெளிச்சம் மங்கல், ஓவியத்தில் உருவங்கள் நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கண் பழக ஐந்து நிமிஷம் கொடுத்துவிட்டு, தசரதன் யாகத்திலிருந்து கதையைப் பிடித்துக்கொண்டு போனால் பையனால் பின்தொடர முடியும். படம் எடுக்க அனுமதி இல்லை. அருங்காட்சியகம் மாடியில், ஏறித்தான் ஆகவேண்டும். கீழ் அறைகளில் சிவன் மோகினி, கோவர்த்தனகிரி ஓவியங்கள் உண்டு, ஆனால் அதற்கு இன்னொரு குறுகலான படி இறங்க வேண்டும். அப்பா மாடியோடு நிறுத்திக்கொள்ளட்டும், முக்கியமானது அங்கேதான்.

யூதர் ஆலயம் 1568ல் கட்டியது, மணிக்கூண்டு 1760ல் சேர்ந்தது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை. ஒவ்வொன்றிலும் கோடு கொஞ்சமாவது மாறும். பையனிடம் ஒரே மாதிரி இரண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் நிதானமாக விளக்குகளைப் பார்க்கலாம். செருப்பை வெளியே விட வேண்டும். தோளும் முட்டியும் மூடிய உடை. அரைக்கால் சட்டையோடு வந்து திருப்பி அனுப்பப்படுபவர்கள் தினமும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் யூதப் பண்டிகைகள் வரும், அப்போது ஞாயிறானாலும் மூடியிருக்கலாம். உங்களுக்குப் பிப்ரவரி, அந்தக் கவலை இல்லை.

கோவைப்பயணி

ரொம்ப நன்றிங்க. கிழமையை இவ்வளவு பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் போவது அப்பாவுக்கு ஒத்துவருமா, ஏறி இறங்க முடியுமா? மெரைன் டிரைவ் சவாரி அவசியமா?

கடவுக்காரி

ஒத்துவரும், எந்தப் படகு என்பதைப் பொறுத்து. மூன்று வழி இருக்கிறது.

வாட்டர் மெட்ரோ: ஹைகோர்ட் முனையத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு இருபது நிமிஷம், கட்டணம் நாற்பது ரூபாய் அளவில். மிதக்கும் மேடை, தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் படகும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியே உருட்டிக்கொண்டு போகலாம், உங்கள் அப்பாவுக்கு இதுதான். குறை என்னவென்றால் ஒரு படகில் நூறு பேர்தான், அதற்கு மேல் ஏற்றமாட்டார்கள். சனி ஞாயிறு மாலை ஃபோர்ட் கொச்சியிலிருந்து திரும்பும் வரிசை ஒரு மணி நேரத்தையும் தாண்டும். நீங்கள் வெள்ளி மாலை போய் அங்கேயே தங்குவதால் கூட்டத்துக்கு எதிர்த்திசை, தப்பித்தீர்கள். சில சமயம் கூட்டத்தைப் பார்த்து டிக்கெட்டையே நிறுத்திவிடுவார்கள். அப்போது ஹைகோர்ட்டிலிருந்து வைப்பினுக்கு வாட்டர் மெட்ரோ எடுத்து, அங்கிருந்து ரோ-ரோவில் (வண்டி ஏற்றும் படகு) ஐந்து நிமிஷத்தில் ஃபோர்ட் கொச்சி.

அரசுப் படகு: சுபாஷ் பூங்கா அருகே உள்ள பழைய படகுத்துறை. கட்டணம் பத்து ரூபாயைத் தாண்டாது. ஃபோர்ட் கொச்சியில் கஸ்டம்ஸ் துறையில் இறக்குவார்கள். படகு ஆடும்போது காலை அகல வைத்துக் கீழே இறங்க வேண்டும், மூட்டுவலிக்காரருக்கு வேண்டாம். நீங்களும் பையனும் ஒருமுறை இதில் போய் வாருங்கள், திறந்த சன்னல், நல்ல காற்று.

ரோ-ரோ: வண்டிகளை ஏற்றிக்கொண்டு வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் ஓடுவது. தளம் தட்டையாக இருப்பதால் ஏறுவது சுலபம், ஆனால் வண்டிகளோடு முண்டியடிக்க வேண்டும். முதலில் வாகனம் இறங்கட்டும், பிறகு நகருங்கள். இருக்கும் படகில் ஒன்று பழுதுக்குப் போய்விட்டால் வரிசை சாலை வரை நீளும்.

மெரைன் டிரைவ் சவாரி அவசியமே இல்லை. காட்டுவது போல்காட்டி அரண்மனை, வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் கிரேன்கள், வில்லிங்டன் தீவு. அதே தண்ணீர், அதே கிரேன், வாட்டர் மெட்ரோவிலேயே தெரிந்துவிடும்.

தோப்பும்படி ராஜன்

இதில் மட்டும் மாறுபடுகிறேன். வாட்டர் மெட்ரோ கண்ணாடி மூடிய ஏசி பெட்டி. துறைமுக வாயை அதில் உட்கார்ந்து பார்ப்பதும் பார்க்காததும் ஒன்றுதான். கப்பல் பக்கத்தில் கடக்கும்போது காற்றும் இரைச்சலும் வேண்டாமா? மெரைன் டிரைவ் தரகர்களை ஒதுக்கிவிட்டு அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் சூரியசக்தி இரட்டை அடுக்குப் படகில் போகலாம். தனியார் படகுதான் என்றால் ஏறுமுன் இரண்டு பாருங்கள்: எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதிய பலகை, ஆளுக்கொரு உயிர்காப்பு ஜாக்கெட். ஜாக்கெட் கட்டுக்கட்டாகக் கூரையில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். 2023 மே மாதம் மலப்புறம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் போனது அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதால்தான்.

பையனுக்கு ஒரு தகவல்: வில்லிங்டன் தீவு இயற்கைத் தீவு அல்ல. 1341ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம்தான் கொச்சிக்குக் கடல்வாயைத் திறந்துவிட்டது, வடக்கே சங்கப் பாட்டில் வரும் முசிறியின் துறை தூர்ந்து போனது என்பார்கள். ஆனாலும் வாயில் மணல்திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது, பெரிய கப்பல் வெளியேதான் நிற்க வேண்டும். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டி, உள்ளே ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியதுதான் தீவு. 1928ல் கப்பல் உள்ளே வந்தது.

மஞ்சு சே.

கதகளி பற்றி யாரும் சொல்லவில்லையே. விடிய விடிய நடப்பது கோயில்களில். ஃபோர்ட் கொச்சியில் பசிலிக்கா பக்கமுள்ள கதகளி மையத்தில் ஐந்து மணிக்கு ஒப்பனை, ஆறு மணிக்கு ஆட்டம், ஏழரைக்குள் முடிந்துவிடும். சனிக்கிழமை என்றால் மதியமே டிக்கெட் வாங்கிவிடுங்கள்.

ஒப்பனையைத் தவறவிடாதீர்கள், ஆட்டத்தில் பாதி அங்கேயே இருக்கிறது. அரிதாரமும் நீலமும் தேங்காயெண்ணெயில் குழைத்த பச்சை, முகத்தைச் சுற்றி அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்து ஒட்டும் வெள்ளை விளிம்பு (சுட்டி என்பார்கள்), அதற்காக நடிகர் மல்லாந்து படுத்திருப்பார். கடைசியில் கண்ணிமைக்குள் ஒரு சின்ன விதையை வைத்து விழியைச் சிவக்க வைப்பார்கள். பச்சை முகம் நாயகன், பச்சையில் சிவப்புக் கீற்றும் மூக்கில் வெள்ளை உருண்டையும் வந்தால் கத்தி வேஷம், ராவணன் கீசகன் வகையறா. இது தெரிந்தால் கதை புரியும். ஆட்டத்துக்கு முன் முத்திரைகளை விளக்குவார்கள். முன்வரிசை வேண்டாம், செண்டைச் சத்தம் நெஞ்சை அடிக்கும். பெரியவர்களுக்கு மூன்றாவது வரிசை சரியாக இருக்கும்.

டோபி கானா: அங்கே துவைப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தார். டச்சுக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்கள் என்பது அவர்கள் வழக்கு. இப்போது சங்கமாக நடத்துகிறார்கள். ஆளுக்கொரு தொட்டி, துவைகல். துணி உலர்த்த கிளிப் கிடையாது, இரண்டு கயிற்றை முறுக்கி இடையில் துணி நுனியைச் செருகிவிடுவார்கள், எந்தக் காற்றுக்கும் அசையாது. பத்து மணிக்கு மேல் போனால் துவைப்பு, உலர்த்தல், கரிப்பெட்டி இஸ்திரி மூன்றையும் பார்க்கலாம். அது வேலை செய்யும் இடம், தமிழிலேயே கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

அம்மாவுக்குச் சாப்பாடு: ஃபோர்ட் கொச்சிக் கடைகள் பெரும்பாலும் மீனை நம்பியவை. மட்டாஞ்சேரி குஜராத்தி வீதிக்குப் போங்கள், சைவச் சாப்பாடும் இனிப்பும் அங்கே உண்டு. பக்கத்தில் 1904ல் கட்டிய சமணர் கோயில், மதியம் பன்னிரண்டு மணிக்குமேல் புறாக்களுக்குத் தீனி போடுவார்கள். ஞாயிறு யூதர் ஆலயம் முடித்த கையோடு போனால் நேரம் பொருந்தும்.

கடவுக்காரி

சீன வலையில் ஒரு எச்சரிக்கை. "வாங்க சார், கயிறு பிடிங்க" என்று கூப்பிடுவார்கள். பிடித்து இழுப்பது நல்ல அனுபவம்தான், ஆனால் முடிந்ததும் காசு கேட்பார்கள், எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அமைப்பைப் பையனுக்குக் காட்டுங்கள்: பத்து மீட்டர் உயரச் சட்டம், பின்பக்கம் கயிற்றில் வரிசையாகக் கட்டிய கற்கள். ஒருவர் நடுமரத்தின் மேல் நடந்து போனாலே வலை கீழே இறங்கிவிடும், தூக்கத்தான் நாலைந்து பேர் வேண்டும். மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் காயலிலிருந்து ஆகாயத்தாமரை அடித்துக்கொண்டு வந்து வலையிலும் கரையிலும் குவியும், பிப்ரவரியில் அந்தத் தொல்லை குறைவு.

அங்கேயே மீன் வாங்கிப் பக்கத்துக் கடையில் சமைத்துத் தருவார்கள். தட்டில் இருப்பதெல்லாம் அந்த வலையில் விழுந்தது என்று நினைக்காதீர்கள். செவுள் சிவப்பாக இருக்கிறதா பாருங்கள், எடை உங்கள் கண்முன் போடட்டும், சமையல் கூலி தனியா என்று கேளுங்கள்.

ஆட்டோக்காரர் "ஐம்பது ரூபாய், ஊர் முழுக்கச் சுற்றலாம்" என்றால், நடுவில் மூன்று கடைக்குள் உங்களை அனுப்பி அவர் கமிஷன் வாங்குவார். கடை வேண்டாம், நேராகப் போக எவ்வளவு என்று கேட்டால் நியாயமான விலை வரும். ஏலக்காய் வாங்க மெனக்கெட வேண்டாம். நம்ம போடி ஏலக்காய்தான் கோவையிலேயே கிடைக்கும். மிளகு, ஜாதிபத்திரி வேண்டுமானால் வாங்குங்கள். மொத்த வியாபாரக் கிடங்குகள் பஜார் ரோட்டில். ஞாயிறு பெரும்பாலும் பூட்டியிருக்கும். மிளகு மூட்டை, சுக்கு வாசனை வேண்டுமென்றால் சனிக்கிழமை மதியத்துக்கு முன் அந்த வழியாக ஒரு ஆட்டோ.

செம்பூர் கணேஷ்

இழையில் குறுக்கிடுகிறேன். மும்பையிலிருந்து சுற்றுலாக் கப்பலில் வருகிறோம். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை கொச்சி. நாள் செவ்வாய். கப்பலில் விற்கும் டூர் எடுக்க வேண்டுமா?

தோப்பும்படி ராஜன்

வேண்டாம். கப்பல் வில்லிங்டன் தீவில் கட்டும். துறைமுக வாசலுக்கு வெளியே டாக்சி, ஆட்டோ நிற்கும். கப்பல் அட்டையும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், திரும்பும்போது வாசலில் கேட்பார்கள். செவ்வாய் என்பதால் அரண்மனை, யூதர் ஆலயம் இரண்டும் திறந்திருக்கும். எட்டரைக்கு முதலில் ஃபோர்ட் கொச்சி, வெயில் ஏறியதும் மட்டாஞ்சேரி. பதினொன்றுக்குள் யூதர் ஆலயத்தில் நுழைந்துவிடுங்கள், ஒரு மணிக்கு மூடினால் மூன்று வரை காத்திருக்க உங்களுக்கு நேரமில்லை. கப்பல் கிளம்பும் நேரத்தை அல்ல, எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது முன்னதாக இருக்கும். மாலை தோப்பும்படிப் பாலத்தில் வண்டி நகராது, மூன்று மணிக்கே மட்டாஞ்சேரியை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

கோவைப்பயணி

எல்லாருக்கும் நன்றிங்க. வெள்ளி தேவரா, சனி ஃபோர்ட் கொச்சி, கதகளி, ஞாயிறு மட்டாஞ்சேரி என்று மாற்றிவிட்டேன். கடைசிக் கேள்வி: ஞாயிறு மதியம் மட்டாஞ்சேரியிலிருந்து பெட்டிகளோடு ஸ்டேஷனுக்குப் படகா, காரா?

கடவுக்காரி

ஐந்து பேர், பெட்டிகள், மூட்டுவலி. கார்தான். மட்டாஞ்சேரிக்கும் 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ வந்துவிட்டது, ஆனால் ஹைகோர்ட்டில் இறங்கி மறுபடி இன்னொரு வண்டி மாற வேண்டும். காலையில் அறையைக் காலி செய்யும்போது பெட்டிகளை ஹோம்ஸ்டேயிலேயே விட்டுவிட்டு, மதியம் கார் முதலில் அங்கே போய் எடுத்துக்கொண்டு வரட்டும். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்புங்கள். ஓட்டுநரிடம் ஸ்டேஷன் என்று மட்டும் சொல்லாதீர்கள், வடக்கா தெற்கா என்று சொல்லுங்கள்.